ஞானப்பல்லும் நரம்பின் ஊறும்

(பண்ணைக்காட்டில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் கல்வியைப் பற்றியும், சிக்கனத்தைப் பற்றியும், திருமணச் செலவைக் குறைத்தலைப் பற்றியும் அறிஞர் பலர் பன்முறை பேசியிருக்கின்றனர். இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு பல்லைப் பற்றியது. இலக்கணம் கற்பிக்கும் பள்ளியாசிரியனுக்குப் பல் மருத்துவத்தில் என்ன வேலை என்று சிலர் ஐயுறுதல் கூடும். எழுத்துக்களின் பிறப்பைக் கூறுமிடத்துத் தொல்காப்பியனார் எண்ணிய எட்டு உறுப்புக்களுள் பல், நா, இதழ் என்னும் மூன்றும் அடங்குவன. அம்மூன்றும் ஒருங்கே துன்புறும் நோய் ஒன்று உளதாயின், அது தமிழாசிரியனுக்கும் உரிய கவலையேயாகும். யாம் மருத்துவர் அல்லேம். மருத்துவர் எழுதிய நூல்களைக் கற்றும், அறிந்தாரை வினவியும் தெளிந்தவற்றை எளிய முறையில் எடுத்துரைப்பதே எம் கடன்.

நம் மலையிலுள்ள இளைஞரும் இளமகளிரும் கடைவாய்ப் பல்வலி தாங்காது வத்தலக்குண்டுக்கும் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இறங்கிச் சென்று ஞானப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருதல் இந்நாளில் மிகுந்திருக்கின்றது. அவருள் மிகப் பெரும்பாலோர் ஒரு கிழமையில் வீக்கம் தணிந்து நலமுறுகின்றனர். ஒரு சிலர்க்கு மட்டும் கீழுதடும் மோவாயும், அல்லது நாவின் ஒரு பாதியும், மரத்தது மரத்தபடியே நின்றுவிடுகின்றன. அவர்கள் அதனை வெளியிற் சொல்வதில்லை. சொன்னாலும், "நாளடைவில் சரியாகிவிடும்" என்று வீட்டிலுள்ளோர் தேற்றுகின்றனர். பலர்க்கு அவ்வண்ணமே சரியாகிவிடுவதும் உண்மை. ஆயின், தானே சரியாகாத சிலர்க்கு மருந்துக்கும் இரண சிகிச்சைக்கும் ஒரு காலவரை உண்டு. அவ்வரை கடந்தபின் எத்துணைப் பொருள் செலவிட்டாலும் பயன் குறைவு. அக்காலவரையை நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இப்பொருளை இன்று எடுத்துக்கொண்டோம்.

முதற்கண் அப்பல்லைப் பற்றிச் சிறிது கூறுவோம். நிறைந்த வாயில் 32 பற்கள் உள. அவற்றுள் இரு தாடைகளின் நான்கு கோடியிலும் இறுதியாக முளைப்பன நான்கு. பெரும்பாலும் 17 வயதிற்கும் 25 வயதிற்கும் இடையே, அறிவு முதிரும் பருவத்தில் தோன்றுதலின், இலத்தீன மொழியாளர் அதனை அறிவின் பல் என்றனர். அப்பெயரே பெயர்க்கப்பட்டு நம்மிடத்து ஞானப்பல் என வழங்குகின்றது. கீழ்த்தாடையில் இடம் போதாதபொழுது இப்பல் நேரே எழாமல் சாய்ந்தும், கிடந்தும், பாதி எலும்பினுள் புதைந்தும் நிற்கும். அதன் மேல் மூடிய ஈறு இடையிடையே பழுத்து வீங்கும். அண்டையிலுள்ள பல்லும் சொத்தையுறும். இவ்வாறு துன்பம் தருமாயின் அதனை எடுத்துவிடுதல் முறையே. துன்பம் தராது உறங்கிக் கிடக்கும் பல்லை, எதிர்காலத்தில் துன்பம் தரலாம் என்னும் அச்சத்தால் மட்டும் எடுத்தல் வேண்டா என்று இங்கிலாந்து நாட்டின் அரசாங்க மருத்துவ நெறிக் கழகம் 2000-ஆம் ஆண்டிலேயே அறிவுரை வகுத்தது. பிற நாட்டு மருத்துவருள் இதனின் வேறுபட்ட கருத்தினரும் உளர். எனினும், எடுக்க வேண்டும் என்பதற்குத் தக்க காரணம் ஒன்று இருத்தல் வேண்டும் என்பதில் இருசாராரும் ஒத்தவரே.

இனி நரம்புகளைக் காண்போம். முகத்திற்கு உணர்ச்சி தருவது, மூளையினின்று புறப்படும் பன்னிரு இணை நரம்புகளுள் ஐந்தாவது. அது மூன்று பெருங்கிளையாகப் பிரிதலின் முக்கிளை நரம்பு எனலாம். அதன் மூன்றாங்கிளையினின்று இரண்டு சிறு கிளைகள் கீழ்த்தாடைக்கு வருகின்றன. ஒன்று கீழ்ப்பல் நரம்பு. அது தாடை எலும்பினுள்ளே ஒரு குழாய் போன்ற வழியிற் புகுந்து, கீழ்ப்பற்கள் அனைத்திற்கும் கிளை கொடுத்துக்கொண்டே சென்று, மோவாய்க்கு அருகில் ஒரு சிறு துளை வழியே வெளிப்பட்டுக் கீழுதட்டிற்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருகின்றது. ஞானப்பல்லின் வேர் இக்குழாய்க்கு மிக அருகிலும், சிலர்க்கு அதனைத் தொட்டும் நிற்கும். மற்றொன்று நாநரம்பு. அது ஞானப்பல்லின் உட்புறமாக, ஈற்றின் மெல்லிய தோலுக்கு அடியில் ஓடி, நாவின் முன்பாகத்தில் மூன்றில் இரண்டு பங்கிற்குத் தொடுவுணர்ச்சி தருகின்றது. அப்பகுதியின் சுவையுணர்ச்சியைத் தாங்கிவரும் இழைகளும் அதனோடு கூடியே செல்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 2 அல்லது 3 மில்லிமீட்டர் பருமனே உடையது.

ஈண்டு ஒன்றை நினைவில் இருத்துதல் வேண்டும். உதட்டை அசைக்கும் நரம்பு வேறு. உணரும் நரம்பு வேறு. முகத்தை அசைப்பது ஏழாவது நரம்பு, உணர்வது ஐந்தாவது. இவ்வேறுபாட்டை 1821-ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டவர் சார்லஸ் பெல் என்னும் பேரறிஞர். ஆகவே, ஞானப்பல்லை எடுத்தபின் உதடு மரத்தவருடைய வாய் கோணுவதில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அவர்பால் ஒரு குறையும் தோன்றாது. இந்நோயின் கொடுமையே இதுதான். எச்சில் வழிவதை அவர் உணரார். சோற்றுப் பருக்கை உதட்டில் ஒட்டியிருப்பதையும் உணரார். உண்ணும்போது நாவைக் கடித்துக்கொள்வர். பேசும்போது சொல் வழுவுமோ என்று அஞ்சுவர். ஒருவர்க்குக் காரமும் இனிப்பும் ஒரு பக்கத்தில் தெரியா. மற்றொருவர்க்கு மரத்த இடத்திலேயே ஊசி குத்துவது போலவும், மின்சாரம் பாய்வது போலவும், தீயிட்டது போலவும் வலி தோன்றும். புறத்தே காயம் இல்லாமையின், "பொய் சொல்லுகின்றான்" என்ற பழியும் சிலர்க்கு வந்து சேர்கின்றது.

தமிழில் ஊறு என்னும் சொற்கு இரு பொருள் உண்டு. ஐம்புலன்களுள் ஒன்றாகிய தொடுவுணர்ச்சியும் ஊறு. இடையூறு, தீங்கு என்பதும் ஊறு. யாம் இன்று பேசும் நோயில் இவ்விரண்டும் ஓரிடத்தில் வந்து கூடின. ஊற்றிற்கே ஊறு நேர்ந்தது. நீங்கள் மறவாதிருத்தற்பொருட்டே இதனைக் கூறினோம்.

இத்தீங்கு எத்துணைப் பேர்க்கு நேர்கின்றது? அஞ்ச வேண்டுவதில்லை. சில நாளேனும் சில மாதமேனும் மரத்திருப்பவர் நூற்றுக்குச் சிலர். என்றும் நீங்காத குறை உண்டாவது நூற்றுக்கு ஒருவர்க்கும் குறைவாகவே காணப்படுகின்றது. வேர் நரம்புக் குழாயை ஒட்டி நிற்பார்க்கும், எலும்பினுள் ஆழப் புதைந்த பல்லுடையார்க்கும், வயது முதிர்ந்தபின் எடுப்பார்க்கும் இடர் மிகுதி. ஆகவே, அச்சத்தால் பழுத்த பல்லை வைத்துக்கொண்டு காய்ச்சலுக்கும் சீழுக்கும் இடம் கொடுத்தல் அறிவுடைமையன்று.

இனி நரம்புக்கு நேரும் தீங்கின் வகைகளைக் கூறுவோம். 1850-ஆம் ஆண்டில் அகஸ்டஸ் வாலர் என்பார் தவளையின் நாவிற் செல்லும் நரம்புகளை அறுத்து ஆராய்ந்து, அறுபட்ட இடத்திற்கு அப்பாலுள்ள நரம்பிழை சிதைந்துபோதலைக் கண்டறிந்தார். அதன்பின் 1943-இல், இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவம் செய்த ஹெர்பர்ட் செடன் என்னும் இரண வைத்தியர், நரம்பின் ஊற்றை மூன்று வகையாக வகுத்தார். அம்மூன்றையும் நம் மலைச்சாலையை உவமையாக்கி விளக்குவோம்.

மழைக்காலத்தில் வத்தலக்குண்டிலிருந்து நம் ஊருக்கு வரும் சாலையில் ஒரு மரம் சாய்ந்து கிடக்கின்றது எனக் கொள்ளுங்கள். சாலை பழுதுபடவில்லை, போக்குவரத்து மட்டும் நின்றது. மரத்தை அகற்றியவுடன் வண்டிகள் முன்போலவே செல்லும். இது முதல் வகை. நரம்பு நசுங்கியோ, இழுபட்டோ, வீக்கத்தால் அழுத்துண்டோ நிற்கும், இழை அறவில்லை. சில நாள் முதல் சில கிழமைக்குள் உணர்ச்சி முழுதும் மீளும். இரண்டாவதாக, வெள்ளம் வந்து சாலையின் தளத்தை அரித்துச் சென்றது. ஆயினும் இருபுறத்துக் கரைச்சுவர்கள் நிற்கின்றன. அச்சுவர்களுக்கிடையே புதிதாகத் தளம் போட்டால் சாலை பழைய வழியிலேயே அமையும். இது இரண்டாம் வகை. உள்ளிழைகள் அறுந்தன, புற உறைகள் நின்றன. அவ்வுறைகளின் வழியே புதிய இழை வளரும். மூன்றாவதாக, மலைச்சரிவே பெயர்ந்து சாலை முழுதும் பள்ளத்தில் வீழ்ந்தது. இரு துண்டங்களுக்கும் நடுவே வெற்றிடமே உளது. அங்குத் தானே சாலை உண்டாகுமோ? பொறியாளர் வந்து பாலம் கட்டவேண்டும். இது மூன்றாம் வகை. நரம்பு முற்றும் அறுந்தது. அறுந்த முனையினின்று எழும் இழைகள் வழி தெரியாமல் சுருண்டு முடிச்சாகி, அம்முடிச்சே வலிக்கு வேராகவும் அமைவதுண்டு. பிற்காலத்தே, 1951-இல், ஆஸ்திரேலிய அறிஞர் சிட்னி சண்டர்லாந்து இவற்றை ஐந்தாக விரித்தார். நமக்கு மூன்றே போதும்.

புதிய இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும் என்பர். ஞானப்பல்லின் இடத்திலிருந்து கீழுதடு வரையுள்ள தொலைவை 70 மில்லிமீட்டர் எனக் கொண்டால், தடையின்றி வளரும் இழைக்கே 70 நாட்கள் வேண்டும். புறப்படுதற்குச் சில நாட்கள் கூடுதலாகும். ஆகவே, 3 மாதம் என்னும் எல்லை ஒருவர் மனம்போனபடி வைத்ததன்று. நரம்பு வளரும் கணக்கோடு ஒத்தது. அதற்குள் மீட்சியின் அறிகுறி ஒன்றேனும் தோன்றுதல் வேண்டும். எறும்பூர்வது போன்ற கூச்சம், சிறு குத்தல், மரத்த பரப்புச் சுருங்குதல் ஆகியன நல்ல அறிகுறிகளே. ஓர் அறிகுறியும் தோன்றாது நாட்கள் கழியுமாயின், காத்திருத்தல் பொறுமையாகாது.

எம் உறவினருள் ஓர் இளைஞர். காப்பித் தோட்டத் தொழிலில் ஈடுபட்டவர். கீழே ஓர் ஊரில் ஞானப்பல்லை எடுத்துக்கொண்டு வந்தார். நாவின் வலப்பாகம் மரத்தது. பழம் பறிக்கும் பருவம் ஆதலின், "வேலை முடியட்டும்" என்றார். வேலை முடிந்ததும் வீட்டில் ஒரு திருமணம். அது முடிந்ததும் மழை. ஓராண்டு கழிந்தபின் மதுரைக்குச் சென்றபொழுது, அவரை ஆராய்ந்த இரண வைத்தியர், "இன்னும் முன்னரே வந்திருந்தால் நரம்பைத் திறந்து பார்த்திருப்போம், இப்பொழுது பயன் ஐயத்திற்குரியது" என்றனர். அவர் விளைத்த காப்பியின் மணத்தை அவர் மூக்கு அறியும்; அதன் சுவையை இன்று அவர் நாவின் ஒரு பாதியே அறிகின்றது. அவர் இசைவு பெற்றே இதனை இங்குக் கூறினோம். அவரைப்போல் இன்னொருவர் ஆகாதிருத்தலே அவர் விருப்பமும்.

ஆதலின், பல் எடுத்துக்கொண்டவர் செய்யவேண்டுவன யாவை? கீழ்த்தாடையை மரக்கச் செய்யும் ஊசியின் ஆற்றல் சில மணி நேரத்தில் நீங்கிவிடும். மறுநாட் காலையிலும் உதடோ நாவோ மரத்திருந்தால், அன்றே பல் எடுத்த மருத்துவர்க்குத் தெரிவித்தல் வேண்டும். வேரின் துண்டமோ எலும்பின் சில்லோ நரம்பை அழுத்திக்கொண்டிருக்கின்றது என்று படத்தால் தெரியுமாயின், அதனை ஓரிரு நாளுக்குள் அகற்றுதல் மிக்க பயன் தரும். வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்துகளையும் சில மருத்துவர் தொடக்கத்திலேயே கொடுப்பர். இவையெல்லாம் காலம் தாழ்த்தாமல் செய்யவேண்டுவன.

அடுத்து, வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்யலாம். கண்ணை மூடச்செய்து, பஞ்சுத் திரியால் உதட்டையும் மோவாயையும் மெல்லத் தொட்டு, உணர்ச்சி எங்கு நிற்கின்றது, எங்குத் தொடங்குகின்றது என்று மையால் எல்லை குறித்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை இவ்வாறே செய்து, எல்லை சுருங்குகின்றதா என்று பாருங்கள். நாவிற்குச் சர்க்கரையும் உப்பும் வைத்துப் பார்க்கலாம். மருத்துவரும் இதனையே இன்னும் நுட்பமாகச் செய்வர். ஊசிமுனையால் குத்தியும், இரு முனைகளை ஒருங்கே வைத்து ஒன்றா இரண்டா என வினவியும் அளவு குறிப்பர். அளவு இல்லாத இடத்தில், மீள்கின்றதா இல்லையா என்பதை நினைவை நம்பித் தீர்மானிக்க நேரும். நினைவோ நம்மை ஏமாற்றும்.

இனிச் சிகிச்சை. மருந்துக்கு நான்கு உறுப்புக்கள் உண்டு என்றார் திருவள்ளுவர்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். இவை நான்கும் இந்நோய்க்கும் வேண்டும்.

உணர்ச்சி மீண்டுகொண்டிருப்பவர்க்குச் சிறந்த சிகிச்சை கவனத்தோடு காத்திருத்தலே. நம் நாட்டில் பி12 வைட்டமின் வகையைச் சேர்ந்த மாத்திரைகளை இதற்குப் பெரிதும் கொடுக்கின்றனர். அதனால் தீங்கு பெரிதும் இல்லை. பயன் உறுதியாக நிலைநாட்டப்படவுமில்லை. மென்மையான லேசர் ஒளியைச் செலுத்தும் முறையும் ஒன்று உண்டு. இந்நரம்புகளின் ஊற்றுக்குரிய சிகிச்சைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பார் 2014-இல், தம் அளவைக்கு இயைந்த ஆராய்ச்சி இரண்டே என்றும், இரண்டும் லேசர் பற்றியனவே என்றும், அவை கொண்டு உறுதியாக ஒன்றும் கூறவியலாது என்றும் முடிவு செய்தனர். ஆகவே, "நூற்றுக்கு நூறு குணமாக்குவோம்" என்று விளம்பரம் செய்வாரை நம்பிப் பொருள் இழத்தல் வேண்டா.

வலி மிகுந்தவர்க்குச் சாதாரணத் தலைவலி மாத்திரைகள் பயன்படா. அது நரம்பின் வலி. அதற்குக் காபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் முதலிய மருந்துகளை மருத்துவர் அளவறிந்து கொடுப்பர். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் மருந்தாதலின், மருந்துச் சீட்டைப் பார்த்து, "என்னைப் பித்தன் என்று எண்ணிவிட்டார்" எனச் சினந்து நிறுத்தியவரும் உளர். அம்மருந்தின் சிறிய அளவு நரம்பு வலியைத் தணிக்கும் என்பதை அறிந்தால் இச்சினம் எழாது. இவற்றைத் தாமே வாங்கி உண்ணுதலும், தாமே திடீரென நிறுத்துதலும் கூடா.

அறுபட்ட நரம்புக்கு இரண சிகிச்சை உண்டு. பல் எடுக்கும்பொழுதே நரம்பு அறுந்ததைக் கண்டால் உடனே தைத்தல் மேலானது. காணாதவிடத்து, 3 மாதம் ஆகியும் நாவில் உணர்ச்சி சிறிதும் மீளாதவரை இரண வைத்தியர் ஆராய்ந்து, நரம்பைத் திறந்து பார்ப்பதா என்று முடிவு செய்வர். 3 மாதத்திற்கும் 6 மாதத்திற்கும் இடைப்பட்ட காலமே தக்கது என்பது பலர் கருத்து. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ், வடுவையும் முடிச்சையும் நீக்கி, இரு முனைகளையும் தலைமயிரினும் நுண்ணிய நூலால் இழுப்பின்றிச் சேர்த்துத் தைப்பர். இடைவெளி மிகுந்தால், காலின் புறத்தேயுள்ள ஓர் உணர்ச்சி நரம்பிலிருந்தோ, காதின் அருகிலுள்ள நரம்பிலிருந்தோ ஒரு துண்டம் எடுத்து நடுவே ஒட்டுவர். இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்து இரண வைத்தியர்கள் நாநரம்பைத் தைத்துக்கொண்ட 53 பேரை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பெரும்பாலோர்க்கு உணர்ச்சி ஓரளவு மீண்டது. ஓரளவு என்னும் சொல்லை அழுத்தியே சொல்லுகின்றோம். பழைய நாவே திரும்ப வரும் என்று யாரும் உறுதி கூறார். நாவைக் கடித்துக்கொள்ளாதபடி உணர்ச்சி வந்தாலே அது பெரும்பேறு. வலியே முதன்மையாக உடையவர்க்கு இவ்விரண சிகிச்சை அத்துணைப் பயன் தருவதில்லை என்பதும் அறியத்தக்கது.

இத்தகைய நுண்ணிய வேலையை எல்லாப் பல் மருத்துவரும் செய்யார். முக, தாடை இரண சிகிச்சையில் சிறப்புப் பயிற்சி பெற்றவரிடத்துச் செல்லுதல் வேண்டும். மதுரை அரசினர் இராசாசி மருத்துவமனையிலும், 1953-இல் தொடங்கிய சென்னை அரசினர் பல் மருத்துவக் கல்லூரியிலும், வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் வினவி வழி தெரிந்துகொள்ளலாம். வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் முதுமையில் நம் கோடைக்கானலில் வாழ்ந்து 1960-இல் அங்கேயே மறைந்தவர்.

வேலூரை நினைக்கும்பொழுது மற்றொரு பெரியாரையும் நினைத்தல் வேண்டும். அவர் பெயர் பால் பிராண்ட். 1914-இல் நம் தமிழ்நாட்டுக் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூருக்கு வந்து, தொழுநோயாளரின் கைகளைச் செப்பனிடும் இரண சிகிச்சையை வளர்த்தவர். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே அழுகி வீழ்கின்றன என்று உலகம் எண்ணியிருந்தது. அவரோ, நரம்பு உணர்ச்சியை இழந்தமையால், சூட்டையும் வெட்டையும் அறியாது அவர்கள் தம் உறுப்பைத் தாமே சிதைத்துக்கொள்கின்றனர் என்பதை எடுத்துக்காட்டினார். வலி என்பது காவற்காரன். அவன் உறங்கினால் வீடு கொள்ளை போகும். ஞானப்பல்லால் உதடு மரத்தவர் தொழுநோயாளர் அல்லர். ஆயினும் பாடம் ஒன்றே. உணராத இடத்தைக் கண் காத்தல் வேண்டும். கொதிக்கும் காப்பியை மரத்த பக்கத்தில் வைத்துப் பருகற்க. மரத்துப் போயிற்று என்று கிராம்புத் தைலம் தடவுதலும், சூடான ஒத்தடம் கொடுத்தலும் தோலை வேகச்செய்யும். முகம் மழிக்கும்பொழுது கண்ணாடி பார்த்து மழித்துக்கொள்க. உண்டபின் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொள்க. நாவின் ஓரத்தைக் கடித்துப் புண்ணாகிச் சில கிழமை ஆறாதிருந்தால் மருத்துவரிடம் காட்டுக.

வருமுன் காத்தலைப் பற்றியும் சொல்லவேண்டும். பல்லை எடுக்குமுன் இரு தாடையும் ஒருங்கே தெரியும் எக்ஸ்-ரே படம் எடுக்கச்செய்து, "வேருக்கும் நரம்புக் குழாய்க்கும் எவ்வளவு தொலைவு?" என்று கேளுங்கள். வேர் குழாயைக் கடக்குமிடத்தில் கருமை படர்ந்தாலோ, குழாயின் வெண்கோடு அற்றுத் தோன்றினாலோ, குழாய் வளைந்து சென்றாலோ அஃது இடரின் அறிகுறி. அந்நிலையில் மூன்று பரிமாணமும் காட்டும் ஸ்கேன் படம் எடுப்பர். ஒட்டியிருப்பது உறுதியாயின், பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்து, நரம்பைத் தொட்டு நிற்கும் வேரை அப்படியே விட்டுவிடும் முறையும் ஒன்று உண்டு. 1984 முதல் மருத்துவ நூல்களில் அது பேசப்படுகின்றது. வேர் நோயற்றதாய் இருத்தல் வேண்டும். சில ஆண்டுகளில் அவ்வேர் சிறிது மேலெழும்பி மீண்டும் எடுக்க நேர்தலும் உண்டு. அப்பொழுது அது நரம்பினின்று விலகியிருக்கும். இது தமக்குப் பொருந்துமா என்று கேட்பது நோயாளியின் உரிமை. சந்தையோரத்தில் குறைந்த கூலிக்குப் பல் பிடுங்குவாரை நாடாது, பதிவு பெற்ற மருத்துவரையே நாடுக.

உரிமை என்றமையால் சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். மருத்துவத் தொண்டும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது; எல்லார்க்கும் இலவசமாகவே மருத்துவம் செய்யும் இடங்கள் அதற்கு விலக்கு. சிகிச்சைக்கு முன் அதன் தன்மையையும் இடர்களையும் நோயாளிக்கு விளக்கி இசைவு பெறவேண்டும் என்று 2008-இல் அதே நீதிமன்றம் வரையறுத்தது. முறையீடு செய்ய 2 ஆண்டுக் காலவரை உண்டு. ஆயினும், நரம்புக்கு ஊறு நேர்ந்த இடமெல்லாம் மருத்துவர் பிழை செய்தார் என்று கொள்ளற்க. கைதேர்ந்தவர் கவனத்தோடு செய்தபோதும் சிலர்க்கு இது நேர்கின்றது. முன்கூட்டிச் சொல்லாமையும், சொன்னபின் ஆராயாமையும், உரிய காலத்தில் மேலிடத்திற்கு அனுப்பாமையுமே வினாவுக்குரியன. ஆதலின், கையெழுத்திடும் தாளைப் படித்துக் கையெழுத்திடுங்கள்; படமும் சீட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பல் எடுத்த மருத்துவரைப் பகைவராகக் கருதாது முதலில் அவரிடமே செல்லுங்கள். நரம்பின் நிலையை அறிந்து மேலிடத்திற்கு வழிகாட்டக் கூடியவர் அவரே.

இறுதியாக, நம் சங்கத்தாரிடம் விண்ணப்பம் ஒன்று உண்டு. நம் மலையில் நோயைவிடத் தொலைவே பெரிய தடை. ஒருநாள் கூலியையும் பேருந்துச் செலவையும் உடன்வருவார் இன்மையையும் எண்ணியே பலர் நாட்களைக் கடத்துகின்றனர். சங்க நிதியில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, மதுரைக்கும் அப்பாலும் மருத்துவம் நாடிச் செல்வார்க்கு வழிச்செலவும், கற்ற இளைஞர் ஒருவரின் துணையும் அளிக்கலாம். திருவள்ளுவர் கூறிய நான்கனுள் உடனிருந்து பேணுபவர் என்னும் உறுப்பை நாமே நிறைவு செய்யலாம். மருத்துவரிடம் கேட்கவேண்டுவனவற்றை ஒரு தாளில் அச்சிட்டு வீடுதோறும் கொடுக்கலாம். அத்தாளில் பெரிய எழுத்தில் இருக்கவேண்டுவன இவை: மறுநாள் மரத்திருந்தால் சொல்லுக, எல்லை குறித்து வைக்க, மூன்று மாதத்தைக் கடக்க விடாதீர்.

தாய்மார்களே! உங்கள் மகனோ மருமகளோ உண்ணும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால், பேச்சைக் குறைத்துக்கொண்டால், அதனைச் செருக்கு என்றும் சோம்பல் என்றும் எண்ணாது, அருகழைத்து, "வாயில் உணர்ச்சி இருக்கின்றதா?" என்று வினவுங்கள். வெட்கத்தால் மறைத்தவர் அவ்வொரு வினாவுக்கு வாய் திறப்பர்.